மாடி வீட்டு ஆன்ட்டிக்கு என்ன சொல்வது?

மேடிசன், விஸ்கான்சின்
ஞாயிறு மாலை

அன்புள்ள அம்மா,

இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் தாங்கவில்லை. மென்டோட்டா ஏரி கல்லாக உறைந்து கிடக்கிறது. அதன் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள். போன வருஷம் வரை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த உன் மாப்பிள்ளை, இந்த வருஷம் தூண்டில் விலை விசாரிக்கிறார்.

போன வாரம் போனில் நீ கேட்டதை நான் மழுப்பிவிட்டேன். "உங்க பொண்ணு அங்க என்ன ஆராய்ச்சி பண்ணுதுன்னு மாடி வீட்டு ஆன்ட்டி கேட்டாங்க. பொம்பளைங்க மனசைப் பத்தின்னு சொன்னேன். அதுல ஆராய என்ன இருக்குன்னுட்டாங்க" என்றாயே. கேட்டது ஆன்ட்டியா நீயா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜாம் பஜாரில் காய் வாங்கி வந்ததும் வீட்டுத் தராசில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பாய் இல்லையா? கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றில்லை, நிறுத்துப் பார்க்காமல் உனக்கு மனசு ஆறாது. என் வேலையும் அதுதான். பொம்பளை என்றால் இப்படித்தான் என்று ஊர் ஒரு எடை சொல்லி வைத்திருக்கிறது. அதைத் திரும்ப நிறுத்துப் பார்க்கிறோம்.

பாட்டி என்ன சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? "வீட்டுக்குத் தூரமா இருக்கிறப்ப கணக்குப் போடாதே, மண்டையில ஏறாது." பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு சமயத்தில் அதை நம்பி நான் அழுததும், நீ பின்கட்டுக்கே வந்து கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் எனக்கு மறக்கவில்லை. பாட்டியைக் குறை சொல்ல முடியாது. நூறு வருஷம் முன்பு இந்த ஊர்ப் பக்கம் படித்த டாக்டர்களே அப்படித்தான் எழுதினார்கள். மாதம் சில நாள் புத்தியும் கையும் ஓடாதவர்களிடம் பொறுப்பான வேலையைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள்.

அதை நிறுத்துப் பார்த்தவர் லீட்டா ஹாலிங்வொர்த் என்று ஓர் உளவியலாளர். நெப்ராஸ்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1908-ல் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் வந்தார். கல்யாணமான பெண்ணுக்கு அங்கே பள்ளிக்கூட வேலை கிடையாது என்றுவிட்டார்கள். சமைத்துக்கொண்டும் தைத்துக்கொண்டும் வீட்டில் இருந்தார். அப்புறம்தான் அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தார். கணவரோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் இரண்டு வருஷம் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். பெண்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்தார். விரலால் எவ்வளவு வேகமாகத் தட்டுகிறார்கள், கை நடுங்குகிறதா, நிறங்களின் பெயரை எத்தனை வேகத்தில் சொல்கிறார்கள், ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் உடனே வருகிறதா என்று பார்த்தார். ஒப்பிட ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். விலக்கு நாட்களிலும் மற்ற நாட்களிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. 1914-ல் வெளிவந்த அவருடைய பிஎச்.டி. ஆய்வு இது. மேதைகளும் மக்குகளும் ஆண்களில்தான் அதிகம், பெண்கள் எல்லோரும் நடுத்தரம் என்ற கொள்கையை ஆதரித்த தார்ன்டைக் என்ற உளவியல் பேராசிரியர்தான் அவருக்கு வழிகாட்டி! அந்தக் கொள்கையையும் அவர் பிறகு ஒரு கை பார்த்தார்.

அதே 1914-ல்தான் மெரினாவில் ராணி மேரி கல்லூரி தொடங்கியது. பெரிய அத்தை கணக்குப் படித்தாளே, அதே கல்லூரிதான். இதை அத்தையிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஜேனட் ஹைட். அவர் 2005-ல், ஆண் பெண் வித்தியாசம் பற்றி அதுவரை வந்த 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார். 78 சதவீத முடிவுகளில் வித்தியாசம் சின்னது, அல்லது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பந்து எறியும் வேகம், தூரம் மாதிரி சிலவற்றில்தான் பெரிய இடைவெளி. ஆன்ட்டியின் பேரன் கிரிக்கெட் ஆடுகிறான் இல்லையா, அவங்களுக்கு இது பிடிக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1974-ல் சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அறுபது குணங்கள். இருபதை ஆண்மை என்றும், இருபதைப் பெண்மை என்றும் அன்றைய அமெரிக்கா நினைத்தது. மிச்சம் இருபது பொது. ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஏழு வரை மார்க் போட வேண்டும். இரண்டும் ஒரே கம்பின் இரண்டு முனைகள் இல்லை, ஒரே ஆளிடம் இரண்டுமே நிறைய இருக்கலாம் என்பது அவருடைய வாதம். நம்ம ஊரில் இதைக் கேட்டால் என்ன வரும் என்று தமிழில் மாற்றினேன். விட்டுக்கொடுக்கும் குணம் சட்டென்று வந்துவிட்டது; அதற்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? மாட்டியது ‘அசர்ட்டிவ்’. தன் பக்கத்தைத் தயங்காமல், சண்டையும் போடாமல் எடுத்துச் சொல்கிறவர் என்று பொருள். ஆணுக்குச் சொல்வதென்றால் ‘கறாரானவர்’. பெண்ணுக்கு என்ன சொல்வோம்? வாயாடி, அடாவடி, திமிர் பிடித்தவள்! கடைசியில் நீளமாக ஒரு வாக்கியம் எழுதி, சரிபார்க்க இன்னொரு தமிழ்ப் பெண்ணிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னேன். ‘எதிர்த்துப் பேசுகிறவள்’ என்று திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வாரம் போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த அறுபதில் எனக்குக் கிடைத்த கண்டுபிடிப்பே அதுதான்.

அந்தத் தமிழ்க் கேள்வித்தாளைச் சென்னைப் பெண்களிடம் கொடுத்து, வந்ததைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ‘சென்னைப் பெண்களை மட்டும் கேட்டிருக்கிறீர்கள், இது மற்றவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று திருப்பிவிட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே கல்லூரிப் பிள்ளைகள் இருநூறு பேரைக் கேட்டு எழுதுகிறவர்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. தலைப்பில் ஊர்ப் பெயர்கூட இல்லாமல் ‘பெண்கள்’ என்றே போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் சரி என்று திருத்தி, வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த ஆய்வுக்கு நீதான் காரணம். என்னம்மா பண்றே என்று எப்போது கேட்டாலும் "சும்மாதான் இருக்கேன்" என்பாய். பின்னால் குக்கர் விசில் அடிக்கும். மத்திய அரசு 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. நாடு முழுக்க, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், முந்தின நாள் விடிகாலை 4 மணியிலிருந்து அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்ததாகப் பெண்களில் 81 சதவீதம் பேரும் ஆண்களில் 26 சதவீதம் பேரும் சொன்னார்கள். அப்படிச் செய்த பெண்கள் சராசரியாக நாளைக்கு 299 நிமிஷம் செய்தார்கள், ஆண்கள் 97. தினம் ஐந்து மணி நேரம் செய்கிறவர்கள் அதை எப்போது, யாரிடம் ‘சும்மா’ என்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஊருக்கு வரும் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே கட்டம் போட்ட தாள் இரண்டு இருக்கிறது. நாலு மணிக்கு ஆரம்பம். நீ நாலரைக்கு எழுந்துவிடுவாய், அதனால் முதல் கட்டம் மட்டும்தான் ‘தூக்கம்’. ஒன்று உனக்கு, ஒன்று அப்பாவுக்கு. ஆய்வுக்கு இல்லை, பயப்படாதே. அதற்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். எனக்காக மட்டும். அப்பாவின் தாளை நீ எழுதிக் கொடுத்துவிடாதே. அவரே எழுதட்டும். கண்ணாடி எங்கே என்று உன்னைக் கேட்டால், அதையும் உன் தாளில் எழுது.

அன்புடன்,
உன் பெண்