அப்பாவும் அவருடைய அச்செழுத்துகளும்

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்து, நீ மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதை அறிந்து நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம். அப்பா மறைந்தபோது நீ எழுதிய கடிதத்தை அம்மா இன்றும் தம் அலமாரியில் தனியே எடுத்து வைத்திருக்கிறார்.

அப்பாவின் நினைவாக ஒரு சிறு நூல் கொண்டுவர வேண்டும் என்று சித்தப்பாக்களும் அத்தையும் விரும்புகிறார்கள். தொகுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இதுவரை வந்துள்ள கட்டுரைகள் எல்லாம் ஒரே திசையில் செல்கின்றன. தாத்தா இறந்தபோது பதினான்கு வயதில் படிப்பை விட்டு அச்சகத்தில் சேர்ந்தார், தம்பிகளைப் படிக்க வைத்தார், தங்கைக்குத் திருமணம் செய்து வைத்தார், அதன் பிறகே தம்மைப் பற்றி நினைத்தார் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அவை அனைத்தும் உண்மை. கண்ணீரோடு எழுதப்பட்டவை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒருசேரப் படிக்கும்போது, வேலை என்பது எங்களுக்காக அவர் சுமந்த துன்பம் மட்டுமே என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. நான் அறிந்த அப்பா அப்படிப்பட்டவர் அல்லர். அவர் தம் தொழிலை நேசித்தார். அதில் தேர்ந்தவர் என்ற பெருமிதம் அவருக்கு இருந்தது. அந்தப் பெருமிதத்தை விட்டுவிட்டு அவரைப் போற்றினால், பாதி மனிதரைத்தான் நாம் நினைவில் வைத்திருப்போம்.

பள்ளி விட்டதும் நாம் இருவரும் அச்சகத்துக்குப் போய் அவர் அருகில் நிற்போமே, அந்தக் கைகளை நீயும் பார்த்திருக்கிறாய். எழுத்துகளை வரியாகக் கோக்கும் ஸ்டிக் என்னும் சிறு தட்டை இடக்கையில் பிடித்தபடி, கண்ணைக் கையெழுத்துப் படியிலிருந்து எடுக்காமல், வலக்கையால் கேஸ் என்னும் அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து உலோக எழுத்தை எடுத்துக்கொண்டே இருப்பார். ஒவ்வோர் அச்சின் உடலிலும் ஒரு சிறு பள்ளம் உண்டு. கட்டைவிரல் அதைத் தொட்ட கணத்தில் எழுத்து சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். எழுத்துகள் தலைகீழாக, இடவலம் மாறி நிற்கும்; அவற்றை நாம் நாளிதழ் படிப்பதைப் போல அவர் சரளமாகப் படிப்பார். வரி முடியும்போது இடைவெளித் துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்து, தளர்ந்தும் விடாமல் இறுகியும் போகாமல் நிற்கிறதா என்று விரலால் ஒரு முறை அழுத்திப் பார்ப்பார். தளர்ந்த வரி, பக்கத்தைத் தூக்கும்போது உதிர்ந்துவிடும். வரி சரியாக நிற்கிறது என்று தெரியும் அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் வரும் நிறைவு எங்கள் வீட்டுப் புகைப்படம் எதிலும் இல்லை.

அச்செழுத்து ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்க்கப்படுவது. ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது என்பதால், வீடு திரும்பியதும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தைகளைத் தூக்குவார். எத்தனை களைப்பாக வந்தாலும் இதில் தவறியதே இல்லை.

பெரியார் 1935 ஆம் ஆண்டிலேயே தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 இல் ஏற்று ஆணையிட்டபோது, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போல் மேலே சுழித்த பழைய வடிவங்களும், ணா, றா, னா ஆகியவற்றின் தனி வடிவங்களும் வழக்கொழியத் தொடங்கின. பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய அறைகளை மாற்றி அமைப்பது எளிதான காரியம் அன்று. மூத்த தொழிலாளர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அப்பாவோ, புதிதாகச் சேரும் பையன்களுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய வடிவங்கள் குறைகின்றன என்று சொல்லி, தாமே முன்வந்து அறைகளை ஒழுங்குபடுத்தினார். வீட்டிலும் அவர் அப்படித்தான். எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் வயதில் இளையவரின் கருத்தை முதலில் கேட்பார்.

ஒரு செய்தியை நீ அறிந்திருக்க மாட்டாய். அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்திருந்த பழைய சக தொழிலாளி ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அந்த அச்சகத்துக்குப் பள்ளிகளின் வினாத்தாள்கள் வரும். நம்பிக்கைக்குரியவர் என்பதால் அவை அப்பாவிடமே கொடுக்கப்படும். என் தங்கையின் வகுப்புக்கான வினாத்தாள் வந்த ஆண்டில், இதை வேறொருவர் கோக்கட்டும் என்று உரிமையாளரிடம் சொல்லி விலகிக்கொண்டாராம். அப்பா வினாக்களை மகளிடம் சொல்லிவிட மாட்டார் என்பதில் உரிமையாளருக்கு ஐயமே இல்லை. ஆயினும், மகள் நல்ல மதிப்பெண் வாங்கினால் அது முழுக்க அவளுடையதாகவே இருக்க வேண்டும் என்று அப்பா கருதியிருக்கிறார். இதைக் கேட்டுத் தங்கை அழுத அழுகையை என்னால் எழுத இயலாது.

கணினி அச்சுக்கோப்பு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. மெய்ப்புத் திருத்துபவராக மாறி, பார்வை மங்கும் வரை அதே கவனத்துடன் உழைத்தார். பழைய எழுத்துகளை எடைக்குப் போட்டபோது வருந்தினீர்களா என்று கேட்டேன். தேய்ந்த எழுத்தை உருக்கி மறுபடி வார்ப்பது அச்சகத்தில் எப்போதும் நடப்பதுதானே என்றார். அதை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அப்படியே நம்பினார்.

ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். அவரை வேலையில் பார்த்தவர்களுள் எழுதக்கூடியவன் நீ ஒருவன்தான். விடுமுறை நாள்களில், அச்சாகி முடிந்த பக்கத்தைப் பிரித்து எழுத்துகளை அந்தந்த அறையில் போட உனக்கும் கற்றுக்கொடுத்தாரே, அதை விரிவாக எழுது. எப்படி நின்றார், என்ன சொன்னார், எதற்குக் கோபித்தார் என்பவை எல்லாம் வேண்டும். கோபத்தையும் விட்டுவிடாதே, சாய்ந்த வரியைக் கண்டால் அவருக்கு வந்த கோபமும் அவர்தான். நான்கைந்து பக்கங்கள் வந்தால் மகிழ்வேன். கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்றால் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதித் தரட்டும். மாத இறுதிக்குள் கிடைத்தால் போதும். நூலின் மெய்ப்பை நானும் தங்கையும் பார்க்கிறோம். உன் பகுதியை மட்டும் உனக்கு ஒரு முறை அனுப்பி வைக்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்