தேர்தலில் நில்லம்மா

அன்பு மகள் மலர்விழிக்கு,

உங்கள் கம்பெனியில் தொழிலாளர் குழுத் தேர்தலுக்கு உன்னை நிற்கச் சொல்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த நமக்கு எதற்கு இந்த வம்பு என்று போனில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

நிர்வாகத்தோடு தங்களுக்காகப் பேசத் தொழிலாளர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அந்தக் குழு ஜெர்மனியில் சும்மா வந்துவிடவில்லையம்மா. 1920 ஜனவரி 13 அன்று பெர்லினில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பெருங்கூட்டம் திரண்டது. உள்ளே தொழிலாளர் குழுச் சட்டம் விவாதத்தில் இருந்தது. இது எங்களுக்குப் போதாது, ஆலையை நடத்துவதில் எங்களுக்கு உண்மையான அதிகாரம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் அவர்கள். போலீஸ் சுட்டதில் 42 பேர் செத்தார்கள். சில நாளில் சட்டம் நிறைவேறியது. அப்புறம் ஹிட்லர். 1933 மே தினத்தைச் சம்பளத்தோடு விடுமுறையாக்கிக் கொண்டாட வைத்தான். மறுநாளே சங்க அலுவலகங்களுக்குள் ஆட்களை ஏவித் தலைவர்களைப் பிடித்துப் போட்டான். அடுத்த வருடம் குழுக்களும் ஒழிந்தன. போருக்குப் பிறகு எல்லாம் முதலிலிருந்து. நிலக்கரி, எஃகு நிறுவனங்களில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளருக்குச் சரிபாதி இடம் 1951-இல்தான் சட்டமானது. அதுவும் வேலைநிறுத்தத்துக்குத் தயார் என்று தொழிலாளர்கள் வாக்களித்துக் காட்டிய பிறகு.

நம் பெரம்பூர்க் கதை உனக்குத் தெரியும். பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களுக்காக 1918-இல் தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்தினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அன்றைய முதல் குறைகளில் ஒன்று. இரண்டே வருடத்தில், தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று கம்பெனி வாடியா மீது வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்துதான் அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் சங்கத்தில் இருந்த காலத்தில், பேச்சுவார்த்தைக்குத் தேதி வாங்கவே வாயிற்கூட்டம் மேல் வாயிற்கூட்டமாகப் போட வேண்டியிருந்தது.

உன் இடத்தில் அப்படியில்லை. ஒருவரை வேலையிலிருந்து நீக்குமுன் காரணத்தைக் குழுவிடம் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் நீக்கினால் அந்த நீக்கமே செல்லாது. ஓவர்டைம் போடவும் குழு சம்மதிக்க வேண்டும். இதைப் படித்தபோது என்னோடு வேலை பார்த்து, ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

வெளிநாட்டுக்காரி என்று தயங்காதே. எந்த நாட்டுக்காரரும் நிற்கலாம் என்று 1972 சட்டமே வழி செய்துவிட்டது. வேட்பாளரைச் சுலபமாக வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. ஜெயித்தால் சட்டம் படிக்கப் பயிற்சி உண்டு, செலவு நிர்வாகத்துடையது. அதை மட்டும் விட்டுவிடாதே. கூட வேலை செய்பவர்களில் மொழி சரியாக வராதவர்கள் இருப்பார்களே, முதலில் அவர்களிடம் போய்ப் பேசு.

மனுவுக்கு ஆதரவுக் கையெழுத்து வாங்கத் தொடங்கியதும் எனக்குப் போன் பண்ணு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா