இடது கைப் பந்துக்காரனுக்கு ஒரு கடிதம்

மெல்போர்ன்,
டிசம்பர் 8

அன்பு மக்களே,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. அம்மாவுக்கு முட்டுவலி எப்படி? கார்த்திகை பாதி கழிந்தும் மழை விடவில்லை என்று ஆச்சி சொன்னாள். மைதானத்தில் தண்ணீர் கிடக்கும்போது ஆடுகளத்தின் மேல் கயிற்றுப் பாயை விரித்துவிடாதீர்கள், கீழ்ப்பக்கம் அழுகிவிடும்.

நீ கேட்டது இதுதான்: "நல்லா போட்டும் மாவட்டத்துக்கு மேல எடுக்கல்ல. சென்னைப் பையன்களுக்குத்தான் இடம். இன்னும் மேல போனா மும்பைக்காரனுக்கு. அங்க ஆஸ்திரேலியாவுல திறமை மட்டும்தானே பாப்பாங்க?"

இங்கேயும் இதே பேச்சு உண்டு மக்களே. இந்த ஊர் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ்காரனுக்கு மாநிலத் தொப்பி கொடுக்கும்போதே பைக்குள் ஆஸ்திரேலியத் தொப்பியையும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று மற்ற மாநிலத்துக்காரர்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். விக்டோரியாக்காரர்கள் பிராட் ஹாட்ஜ் பெயரை எடுத்தால் இன்றைக்கும் கொதிப்பார்கள். 2005 டிசம்பரில் பெர்த்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203. அதற்குப் பிறகு இரண்டே டெஸ்ட், ஆளை நீக்கிவிட்டார்கள். மொத்தம் 6 டெஸ்ட், சராசரி 55-க்கு மேல். குயின்ஸ்லாந்துக்காரர்களுக்கு ஸ்டூவர்ட் லா. 1995-இல் ஒரே ஒரு டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ், ஆட்டமிழக்காமல் 54. அதோடு முடிந்தது.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். லா ஆடியது காயம்பட்ட ஸ்டீவ் வாவின் இடத்தில். வா திரும்பி வந்ததும் இடம் போயிற்று. அதை மாநிலப் பாசம் என்று சொல்ல முடியாது. ஸ்டூவர்ட் மெக்கில் லெக் ஸ்பின்னர், நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடியவர், 44 டெஸ்டில் 208 விக்கெட். அவரை வெளியே உட்கார வைத்தது விக்டோரியாவின் ஷேன் வார்ன், அவரும் லெக் ஸ்பின்னர். பாரபட்சம் உண்மையிலேயே உண்டு. ஆனால் வெளியே நிற்கிற ஒவ்வொருவனும் பாரபட்சத்தால் நிற்கிறான் என்று எடுத்துக்கொண்டால், நீ எதைத் திருத்த வேண்டும் என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும்.

இவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மதிக்கிறேன். 2012 வரை ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியத்தில் 14 பேர் இருந்தார்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, சவுத் ஆஸ்திரேலியாவுக்கு தலா 3, குயின்ஸ்லாந்துக்கும் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவுக்கும் தலா 2, டாஸ்மேனியாவுக்கு 1. மாநிலப் பங்கு பிரித்த அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, மாநிலச் சங்கத்தைச் சாராத இயக்குநர்களைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம், இங்கிலாந்துடன் ஆடும் ஆஷஸ் தொடரைச் சொந்த மண்ணில் 3-1 என்று தோற்றபின் வந்த டான் ஆர்கஸ் அறிக்கை, தேர்வுக்குழுத் தலைவர் பதவியை முழுநேர வேலையாக்கச் சொன்னது. பகுதிநேரமாக வருகிறவனுக்கு எல்லா மாநில மேட்சையும் பார்க்க நேரம் கிடைக்காது. பார்க்காதவன், தெரிந்த பையனைத்தான் எடுப்பான். பாரபட்சத்தில் பாதி இப்படிப் பார்க்காததால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே ஒரு சாதாரண கிளப்பில் ஆள் எடுப்பதைச் சொல்கிறேன். சீசன் அக்டோபர் முதல் மார்ச் வரை. டிசம்பரில் இரவு எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் வேலை முடிந்து வந்து செவ்வாய், வியாழன் பயிற்சி. விக்டோரியாவின் உச்ச லீக் பிரீமியர் கிரிக்கெட், அதில் 18 கிளப். ஒவ்வொன்றும் நான்கு லெவன், அதாவது தரவாரியாக நான்கு அணி, இறக்கும். வியாழன் பயிற்சி முடிந்ததும் கோச்சும் கேப்டன்களும் தேர்வாளரும் உட்கார்ந்து நான்கு பட்டியலையும் ஒன்றாகப் போடுவார்கள். முதல் லெவனில் மூன்று வாரம் சொதப்பினவன் இரண்டாவதுக்கு இறங்குவான், மூன்றாவதில் 5 விக்கெட் எடுத்தவன் மேலே ஏறுவான். இறங்கியவன் கிளப்பை விட்டுப் போக வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமையே அவனுக்கு வேறொரு மைதானத்தில் மேட்ச் இருக்கும். இரண்டு நாள் ஆட்டம் என்றால் இந்தச் சனி ஒரு அணி பேட்டிங், அடுத்த சனி மற்ற அணி.

நம் ஊரில் ஒருநாள் டிரையலில் விழுந்தால் அடுத்த வருஷம்தான். இந்த ஒரு வித்தியாசம் எத்தனையோ பையன்களைத் தின்றுவிடுகிறது.

இரண்டாவது, ஸ்கோர். கடைசி லெவன் மேட்சுக்கும் இரண்டு அணியின் ஸ்கோரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓவர் முடிவிலும் எண்ணிக்கையை ஒத்துப் பார்ப்பார்கள். பேட்ஸ்மேன்கள் எடுத்ததையும் உதிரியையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்ததோடு, பேட்டில் படாத பந்தில் ஓடி எடுத்த பை, லெக் பையைச் சேர்த்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் தலையில். ஒரு ரன் இடித்தால் அந்த ஓவரிலேயே பிடித்துவிடுவார்கள். அது உடனே செயலியில் ஏறும், யாரும் பார்க்கலாம். தலைவர் மகன் 4, 0, 11 அடித்துவிட்டு இடத்தில் நீடித்தால் ஊருக்கே தெரியும்.

இவ்வளவு இருந்தும் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதே. நல்ல நெட்டும் சம்பளக் கோச்சும் உள்ள தனியார் பள்ளிப் பையனுக்கு அனுகூலம் அதிகம். பூங்கா மைதானங்களில் எங்கே பார்த்தாலும் நம்மவர்கள், மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்பா சனிக்கிழமை ஷிப்டில் இருந்தால் பையனை மைதானத்துக்குக் கொண்டுவிட ஆளில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தியத் தேர்வுக்குழுவில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று மண்டலத்துக்கு ஒருவராக 5 பேர் என்பது பழைய வழக்கம். கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 3 பேர் போதும் என்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2018-இல் மறுபடி 5 ஆயிற்று. 7 டெஸ்ட், அல்லது 30 முதல்தர ஆட்டம், அல்லது 10 ஒருநாள் போட்டியும் 20 முதல்தர ஆட்டமும் ஆடி, ஓய்வு பெற்று 5 வருஷம் ஆனவர் விண்ணப்பிக்கலாம். இப்போதைய விதியில் மண்டலக் கட்டாயம் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. மும்பையின் அஜித் அகர்கர் 2023-இல் தலைவரானபோது மேற்கிலிருந்து ஏற்கனவே சலில் அங்கோலா இருந்தார். 2024-இல் அங்கோலாவின் இடத்துக்கு வடக்கிலிருந்து அஜய் ராத்ரா வந்தார்.

மண்டல முறைக்கு நியாயமும் உண்டு. தன் மண்டலத்து ஆட்டங்களைப் பார்க்க ஒரு ஆள் இருப்பார். கெடுதல் பேரத்தில் வருகிறது: "என் பையனுக்கு நீ கை தூக்கு, உன் பையனுக்கு நான் தூக்குறேன்." ஆனால் முதல் எட்டு, ஒன்பது பெயரில் பேரம் நடக்காது. 14, 15, 16-ஆவது பெயரில்தான் நடக்கும். மும்பை பேச்சும் அப்படித்தான். 1958-59 முதல் 1972-73 வரை 15 வருஷம் தொடர்ந்து ரஞ்சிக் கோப்பையை எடுத்த ஊர் அது, அங்கிருந்து ஆள் போகாமல் இருக்குமா? 1971-இல் தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்ட் தன் தலைமை ஓட்டைப் போட்டு பட்டோடிக்குப் பதில் அஜித் வடேகரைக் கேப்டனாக்கினார். மெர்ச்சன்ட், வடேகர் இருவரும் பம்பாய்க்காரர்கள், பேச்சு வராமல் இருக்குமா? அந்த வருஷமே வெஸ்ட் இண்டீஸிலும் இங்கிலாந்திலும் இந்தியா தொடரை வென்றது.

நீ இடது கை ஸ்பின்னர். அதனால் இந்த இரண்டு பெயரை ஓர்மையில் வை: ராஜீந்தர் கோயல், பத்மாகர் சிவால்கர். கோயல் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட், முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 750. சிவால்கர் 589. இரண்டு பேருக்கும் ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. ஒருவர் ஹரியானா, இன்னொருவர் அந்த மும்பையேதான். எதிரே நின்றது பிஷன் பேடி, 67 டெஸ்டில் 266 விக்கெட். ஒரே கை, ஒரே வேலை, ஒரே காலம். இதில் ஊர் எங்கே வருகிறது? நியூசிலாந்தின் இடது கை ஸ்பின்னர் அஜாஸ் படேலைப் பார். 2021 டிசம்பரில் மும்பையில் ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட். அடுத்து நியூசிலாந்தில் நடந்த தொடருக்கு அவரை எடுக்கவே இல்லை. அங்கே புல் நிற்கிற ஆடுகளம், ஸ்பின்னருக்கு வேலையில்லை என்பது காரணம். வருத்தமான விஷயம்தான், ஆனால் அதில் ஊர் பேதம் கிடையாது.

எண்ணிக்கையும் தனியாகப் பேசாது. 2018-19-இல் ரஞ்சிக்குப் புதிதாக 9 அணிகள் வந்தன. சிக்கிமுக்கு ஆடிய மிலிந்த் குமார் 8 ஆட்டத்தில் 1,331 ரன் குவித்தார், பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து, ஒரு ரஞ்சி சீசனில் பேடி எடுத்த 64 என்ற சாதனையைத் தாண்டினார். இந்திய அணிக் கதவு திறக்கவில்லை, புது அணிகளுக்கு எதிராக வந்த எண்ணிக்கை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். மிலிந்த் பிறகு அமெரிக்காவுக்கு ஆடப் போனார். அந்தத் தள்ளுபடி ஓரளவு நியாயம். ஆனால் அப்படிப்பட்டவனை அடுத்த படியில், இந்தியா ஏ-யிலோ துலீப் டிராபியிலோ இறக்கிப் பார்க்காமல் விடுவது அநியாயம். தேடுகிறபோது ஊர் ஊராகத் தேட வேண்டும், எடுக்கிறபோது ஊர் பார்க்கக் கூடாது. தோனி கிடைத்தது அப்படித்தான். கிரிக்கெட் வாரியத்தின் திறமை தேடும் பிரிவுக்காக பிரகாஷ் போத்தார் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் சிறு ஊர்களில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள், வயது வரம்பு தாண்டியவரையும் எழுதி அனுப்பினார்கள். இங்கே ஆஃப் ஸ்பின்னர் நேதன் லயன் அடிலெய்டு மைதானத்தில் ஆடுகளம் பராமரிக்கிற வேலையில் இருந்தார். நெட்டில் அவர் போட்டதை கோச் டேரன் பெர்ரி கவனித்தார், 2011-இல் டெஸ்டில் முதல் பந்திலேயே சங்கக்காரா விக்கெட்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கஷ்டம் தனி. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர்-கொச்சி. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் 30 கிலோமீட்டர் சொச்சம், சென்னை 700 கிலோமீட்டர். ஆனால் தமிழ்நாட்டு அணிக்கு ஆளெடுப்பது பெரும்பாலும் சென்னை லீக்கைப் பார்த்துத்தான். நடராஜனும் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னை லீக், டிஎன்பிஎல் என்று போய்த்தான் கண்ணில் பட்டார். நெட் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா வந்தவர் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். கேரளா பக்கம் போயிருந்தால் சுலபம் என்றும் நினைக்காதே. அங்கிருந்து முதல் டெஸ்ட் வீரர் டினு யோகன்னான் வந்தது 2001-இல். அவர்கள் ரஞ்சி இறுதியைத் தொட்டது 2025-இல்தான், அரையிறுதியில் குஜராத்தின் கடைசி விக்கெட் சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எழும்பிய பந்தில் விழுந்து, முதல் இன்னிங்ஸில் கிடைத்த 2 ரன் முன்னிலையில்.

இனி நீ செய்ய வேண்டியது. ஒரு நீளமான ஏட்டை எடு. மேட்ச் ஒவ்வொன்றுக்கும் தேதி, எதிரணி, ஆடுகளம் (பாயா, சிமெண்டா, டர்ஃப் என்கிற மண் தளமா), பந்து புதுசா பழசா, ஓவர், மெய்டன் (ரன் கொடுக்காத ஓவர்), ரன், விக்கெட் எழுது. விக்கெட் எப்படி விழுந்தது, எத்தனையாவது பேட்ஸ்மேன், வலக்கையா இடக்கையா என்பதையும் எழுது. "5 விக்கெட்" என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முதல் ஐந்து பேட்ஸ்மேனில் மூன்று பேர், அதில் இரண்டு ஸ்டம்பிங் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். பக்கத்தின் அடியில் அம்பயரிடம் கையெழுத்து வாங்கு.

பாயில் எடுத்த விக்கெட்டைச் சென்னைத் தேர்வாளர் பாதியாகத்தான் எண்ணுவார், அதில் தப்பில்லை. பாயில் பந்து கடித்து எழும்பும், ஷார்ட்டாக விழுந்தாலும் அடிக்க முடியாது. அதனால் உன் லென்த், அதாவது பந்து விழும் இடம், உனக்குத் தெரியாமலே பின்னுக்குப் போயிருக்கும். அதே பந்து டர்ஃபில் விழுந்தால் நின்று வரும், கட் அடிப்பான். பேட்ஸ்மேன் ஸ்டம்பிலிருந்து 4 மீட்டரில் ஒரு துண்டை விரி, ஆஃப் ஸ்டம்புக்கு நேராக. தினம் 60 பந்து போடு, துண்டில் விழுந்ததை மட்டும் எண்ணு. பாயை நான்கு மூலையும் இழுத்துக் கட்டு, தளர்ந்த பாயில் எடுத்த எந்தக் கணக்கும் பொய். டென்னிஸ் பந்துப் போட்டியைக் குறைத்துக்கொள். அது 58 கிராம் சுற்றி, நிஜப் பந்து 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்தில் தையல் இல்லை, விரல் தையலைப் பிடித்துத் திருப்புவது மறந்துபோகும்.

டிரையலில் 12 பந்து கிடைக்கும், சில நேரம் 6. முதல் மூன்றும் உன் சாதாரணச் சுழல், ஒரே இடத்தில். திரும்பாமல் நேராகப் போகும் ஆர்ம் பாலை முதலிலேயே காட்டிவிடாதே. கட்டுப்பாடு இருக்கிறதா என்று அவர்கள் முதல் மூன்றிலேயே முடிவு செய்துவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 16 வயதுக்குட்பட்ட பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயது பார்ப்பார்கள். காகிதம் குழம்பினால் பந்து போடவே விடமாட்டார்கள், அதற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று. தம்பிக்கு 9 வயதுதானே, அவனை 22 கஜத்தில் போட வைக்காதே. இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு 16 மீட்டர், அடுத்த கட்டத்தில் 18 மீட்டர், அதற்குப் பிறகுதான் முழு நீளம். எட்டாத தூரத்துக்கு எறிந்து பழகினால் பந்தைத் தூக்கிவிடத் தெரியாமலே வளர்ந்துவிடுவான்.

தை பிறந்து மைதானம் காய்ந்ததும் முதல் மேட்சின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. மொத்தமும் உதிரியும் ஒத்துவருகிறதா என்று நான் கூட்டிப் பார்க்கிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா