உன் விதைப் பொட்டலத்தில் யாரோ புகுந்துவிட்டார்கள்

அடி வாயாடி,

போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே பாய்வாய், பிறகு என் பேச்சு கரை சேராது. அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முட்டிவலி, பெரியவளுக்குப் புது வேலை, சின்னவன் அப்படியேதான் இருக்கிறான். உன் வீட்டு விசேஷமெல்லாம் நம் வகுப்புத் 'தாத்தா' சொல்லிவிட்டான். அவன் இருக்கும்வரை நம் வகுப்புக்குத் தனியாகச் செய்தித்தாள் வேண்டாம். மாதக்கணக்கில் எழுதாததற்குத் திட்ட வேண்டுமென்றால் பதில் கடிதத்தில் மொத்தமாகத் திட்டு. இப்போது விஷயம்.

நீ அனுப்பிய அம்மா தக்காளி விதை, உங்கம்மா காத்துவைத்த அந்த அம்மா தக்காளி இல்லை.

கத்தாதே. முழுசாகக் கேள்.

உனக்கே தெரியும், அம்மா தக்காளியின் இலை மற்றத் தக்காளி இலைபோல ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு இருக்காது. அகலமாய், ஓரம் வழவழவென்று, பார்க்கிறவர்கள் உருளைக்கிழங்குச் செடி என்று நினைத்துவிட்டுப் போவார்கள். நாற்றுத் தட்டில் விதையிலை தாண்டி இரண்டாவது மூன்றாவது இலை விரியும்போதே அது தெரிந்துவிடும். இந்த முறை விரிந்ததைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பெரும்பாலானவை பல்லுப் பல்லாய்ச் சாதாரண இலை. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் அகல இலை. நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்.

நாலுக்கு ஒன்று! தாவரவியல் டீச்சர் பலகையில் கட்டம் போட்டு மெண்டலின் பட்டாணியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நீ கடைசி பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இங்கே எழுத மாட்டேன், உன் பேத்தி எடுத்துப் படித்தாலும் படிப்பாள். நான் கவனித்தேன், அதனால் சொல்கிறேன். அகல இலை ஒடுங்கு பண்பு, வெட்டு இலை ஓங்கு பண்பு, இரண்டும் சேர்ந்தால் ஓங்கினதுதான் வெளியே தெரியும். அகல இலைச் செடி தன் மகரந்தத்திலேயே காய்த்தால் பிள்ளைகள் எல்லாம் அகல இலை. பக்கத்து வெட்டு இலைச் செடியின் மகரந்தம் வந்து விழுந்தால் அந்தப் பிள்ளை வெட்டு இலை. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ளும், மகரந்தம் உண்டாகும் குழலுக்குள்ளேயே, அதைப் பிடிக்கும் சூல்முடி ஒளிந்திருக்கும். ஆனால் அம்மா தக்காளி மாதிரிப் பெரிய பழத்துப் பழைய ரகங்களில் சில சமயம் சூல்முடி குழலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். கருவண்டு ஒன்று வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போட்டால் போதும்.

ஆனால் போன வருஷம் வண்டு வந்திருந்தால் நூற்றில் ஏதோ இரண்டு மூன்றுதான் மாறியிருக்க வேண்டும். முக்கால்வாசி மாறியிருக்கிறது என்றால் கலப்பு அதற்கு முந்தின தலைமுறையிலேயே நடந்துவிட்டது. நீ விதை எடுத்த செடியே கலப்புச் செடிதான், அதன் பிள்ளைகளில்தான் ஒடுங்கினது நாலுக்கு ஒன்று என்று வரும். அப்படியென்றால் தட்டில் வந்த அகல இலை நாற்றுகளையும் நம்ப முடியாது, இலை மட்டும்தான் அம்மாவுடையது, பழத்துக்கு உத்தரவாதம் இல்லை. உண்மையைச் சொல், விதைக்குப் பழம் எடுத்தபோது இலையைப் பார்த்தாயா, இல்லை பெரிய பழமாக இருக்கிறதே என்று பறித்துவிட்டாயா?

இதைப் போய் யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னேன். "தக்காளிதானே" என்றார். அன்றைக்கு அவருக்குக் காபி கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் என் கோடையைக் கேள். இந்தக் குடியிருப்பில் நான் வெறும் தக்காளிப் பைத்தியமாக இருந்தவரை நிம்மதியாக இருந்தேன். யாரோ போய் 'வல்லுநர்' என்று சொல்லிவிட்டார்கள். நாற்றுப் பரிமாற்றத்துக்கு நான், பள்ளிக்கூடத்துக்கு நான், விதை எடுக்கும் பயிற்சிக்கு நான், கடைசியில் சுவைத் திருவிழா என்று ஒன்று வைத்து அதற்கும் நான். தக்காளியைப் பற்றிப் பேசிப் பேசியே என் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. பூவெல்லாம் கொட்டியது. அது தண்ணீரால் மட்டுமல்ல, பகலில் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் சூடு இறங்காவிட்டால் மகரந்தம் செத்துவிடும், பூ காம்போடு கழன்று விழும், நாம் என்ன தலைகீழாக நின்றாலும் பிடிக்காது. வலை கட்டி நிழல் கொடுத்தேன். பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவர் முட்டை ஓட்டைக் கொண்டுவந்து வேரில் கொட்டிவிட்டுப் போனார், பழத்தின் அடி கறுக்கிறது, சுண்ணாம்புச் சத்து போதாது என்று. சத்து மண்ணில் இருக்கிறது, அதைப் பழம்வரை தூக்கிக்கொண்டு போகத் தண்ணீர்தான் ஒழுங்காக வேண்டும், ஒரு நாள் காய்ச்சல் ஒரு நாள் பாய்ச்சல் என்றால் அடி அழுகத்தான் செய்யும் என்றேன். முட்டை ஓடு மக்குவதற்குள் செடியே போய்விடும். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. நாற்றுப் பரிமாற்றத்துக்கு அவர் வரவில்லை.

பள்ளிக்கூடம் மட்டும் அருமை. "தக்காளி பழமா காயா" என்று ஒரு வாண்டு கேட்டது. தாவரவியலில் பழம், ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இல் அதைக் காய்கறி என்று தீர்ப்புச் சொல்லியது, காய்கறிக்கு இறக்குமதி வரி, பழத்துக்கு வரி இல்லை, வரியைத் திருப்பிக் கேட்ட வியாபாரிகள் வழக்கில் தோற்றார்கள் என்று சொன்னேன். வாண்டு யோசித்துவிட்டு, "அப்போ காசுக்காகப் பேர மாத்திட்டாங்க" என்றது. உன்னை மாதிரியே ஒரு பிள்ளை. கலாப்பகஸ் தீவில் ஒரு காட்டுத் தக்காளி உண்டு, அதன் விதை லேசில் முளைக்காது, ராட்சத ஆமை தின்று வெளியே போட்ட பிறகு நன்றாக முளைக்கிறது என்றதும் வகுப்பே குதித்தது. மிச்ச நேரம் முழுக்க ஆமைச் சாணிதான். டீச்சர் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

சுவைத் திருவிழாவுக்கு வருகிறேன், ஏனென்றால் உன் பங்கு அங்கேதான். கலப்பு நாற்று எதையும் நான் பரிமாற்றத்துக்குக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் என் பாத்தியிலேயே நட்டேன். காய்க்கட்டும், யார் வந்து புகுந்தார்கள் என்று பார்த்துவிடலாம் என்றுதான். காய்த்தது பார், ஒரு தாய் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்! ஒன்று அம்மா தக்காளி மாதிரியே ரோஜா நிறத்தில் பெருத்து, தோளில், அதாவது காம்பைச் சுற்றி, பச்சை மாறாமல். ஒன்று எலுமிச்சை அளவில் சிவப்பாய். ஒன்று நீள உருட்டு, உள்ளே வெறும் மாவு. ரோஜா நிறத்துக்கும் சிவப்புக்கும் சதையில் ஒரு வித்தியாசமும் இல்லை, தெரியுமா? தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரோஜாப் பழத்தின் தோல் கண்ணாடித்தாள்போல நிறமே இல்லாமல், சிவப்புப் பழத்தின் தோல் தேன் மஞ்சள். அந்த மஞ்சளும் ஓங்கு பண்புதான். ஆக உள்ளே புகுந்தது வெட்டு இலை, சிவப்புப் பழம், அநேகமாகச் சின்னது. உன் சந்தேகப் பட்டியலைத் தயார் செய்.

திருவிழாவுக்கு முந்தின இரவு ஏற்பாட்டாளர் ஒருவர் அக்கறையாக எல்லாப் பழத்தையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப் போனார். கதவை மறித்துக்கொண்டு நின்றேன். 12 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் பழத்தில் வாசனை உண்டாக்கும் மரபணுக்களே அடங்கிவிடுகின்றன, திரும்ப வெளியே எடுத்து வைத்தாலும் போன மணம் முழுசாக வருவதில்லை என்று 2016இல் ஆய்வே வந்திருக்கிறது. எனக்கு வல்லுநர் பட்டம் பயன்பட்ட ஒரே இடம் அதுதான்.

மறுநாள் பெயர் போடாமல் எண் மட்டும் எழுதிய தட்டுகள். உப்பு கிடையாது, இடையில் ஒரு மிடறு தண்ணீர். முதலில் பிள்ளைகள் தோள் பச்சையாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினார்கள், பழுக்கவில்லையாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பெரியவர்களே அப்படித்தான். பழம் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று எழுபது எண்பது வருஷமாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, அந்தப் பச்சைத் தோளைக் கொடுக்கும் மரபணுவைக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். காயிலேயே சர்க்கரை சேர்க்க உதவும் மரபணுவும் அதேதான் என்று 2012இல்தான் தெரிந்தது. அழகுக்காக இனிப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

யார் முதலிடம் என்கிறாய்? உன் பொட்டலத்துப் பிள்ளைகளில் ஒன்று. கைக்கு அடங்குகிற அளவு, சிவப்பு, தோளில் கரும்பச்சை, வெட்டு இலைச் செடி. கடித்தால் முதலில் புளிப்பு சுரீரென்கும், பின்னாலேயே இனிப்பு வரும், விழுங்கிய பிறகும் மணம் மூக்கில் நிற்கும். சொல்லவே பயமாக இருக்கிறது, அம்மா தக்காளியைவிட நன்றாக இருக்கிறது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. அத்தனை பேரும் விதை கேட்கிறார்கள். அந்தச் செடி உன் பொட்டலத்தில் வந்தது என்று யாரிடமோ வாய்விட்டேன், சாயங்காலத்துக்குள் சீட்டில் 'அம்மா தக்காளி' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். நான் கிழித்தேன். ஏன் கிழித்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்த விதையைக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஆளுக்கொரு தினுசு காய்க்கும். ஒருவர் வீட்டில் மாவு உருட்டு, இன்னொருவர் வீட்டில் ஒன்றுக்கும் உதவாதது, எல்லாம் உங்கம்மா பெயரில். அவர் இருந்தவரை ஒரு பழத்தை நம்மைத் தொட விட்டாரா? விதைக்கென்று துணி கட்டி வைத்த காயை நாம் பறித்துத் தின்றதற்கு இரண்டு நாள் நம்மோடு பேசாமல் இருந்தவர். அந்தத் துணி எதற்கு என்று அப்போது நமக்குப் புரியவில்லை. பூவிலேயே கட்டியிருப்பார், வண்டு வரக்கூடாது என்று.

புதுச் செடியையும் விட மனசில்லை. வருஷா வருஷம் அதன் விதையையே போட்டு, நல்லதை மட்டும் வைத்து, மற்றதைப் பிடுங்கினால் ஆறு எட்டுத் தலைமுறையில் நிலைத்துவிடும். 1930-40களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் சார்லி பைல்ஸ் என்ற மனிதர் அப்படித்தான் செய்தார். நடுவில் ஒரு செடி, சுற்றிலும் வேறு பெரிய பழ ரகங்கள், கையாலேயே மகரந்தம் மாற்றி வருஷக்கணக்கில் தேர்ந்தெடுத்தார். நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்று 6,000 டாலர் வீட்டுக் கடனை அடைத்தாராம், அதனால் அந்தத் தக்காளிக்கே 'அடமானம் தீர்ப்பான்' என்று பெயர். எனக்குக் கடன் இல்லை, வயசுதான் இடிக்கிறது. எட்டு வருஷம் கழித்து நமக்கு என்ன வயசு என்று கணக்குப் போட்டுப் பார், இல்லை வேண்டாம், போடாதே.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். அம்மா கையால் மடித்த பழைய பொட்டலங்கள் உன் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்ததே, அதில் எதிலாவது விதை மிச்சம் இருக்கிறதா பார். ஈரம் படாமல் இருந்தால் நாலைந்து வருஷம் தாராளமாக முளைக்கும், அதற்கு மேலும் சில முளைக்கும், இரண்டு முளைத்தால்கூட எனக்குப் போதும். எல்லாவற்றையும் அனுப்பிவிடாதே, பாதி உன்னிடமே இருக்கட்டும். வெறும் உறையில் போடாதே, முத்திரை குத்தும் இயந்திரத்தில் நசுங்கும், சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்பு. முளைத்ததும் இலையைப் பார்த்து உனக்குச் சொல்கிறேன், பூவுக்குத் துணி நான் கட்டுகிறேன்.

அப்புறம், இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா தக்காளிக்குப் பக்கத்தில் நீ என்ன நட்டாய்? சின்னதாய், சிவப்பாய் ஏதாவது? 'ஞாபகமில்லை' என்று எழுதினால் தாத்தாவிடம் சொல்லி ஊர் முழுக்க விசாரிக்கச் சொல்வேன்.

உன்
தக்காளிப் பைத்தியம்