செயலாளர் ஆண்டறிக்கை: பிள்ளைகளை அளந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெற்றோரே, ஆசிரியர்களே,

ஸ்காபரோவில் இயங்கும் நமது பெற்றோர் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இச்சபை முன் வைக்கிறேன். வாணி விழா, பொங்கல், கோடை ஒன்றுகூடல் மூன்றும் குறைவின்றி நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது உடலியக்க அறிவு மதிப்பீடு பற்றி. ஓடியாடி விளையாடப் பிள்ளைக்குள்ள திறன், ஊக்கம், தன்னம்பிக்கை, விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே உடலியக்க அறிவு என்கிறோம். விளையாட்டுப் போட்டிகளில் ஆண்டுதோறும் அதே பிள்ளைகள்தான் கேடயம் தூக்குகிறார்கள், மற்றப் பிள்ளைகளின் நிலை என்ன என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தாயார் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இதைத் தொடங்கினோம். ஒட்டாவாவிலுள்ள சிறுவர் மருத்துவமனையின் ஆய்வு நிறுவகம் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென உருவாக்கி, 2017இல் திருத்திய மதிப்பீட்டைக் கைக்கொண்டோம். மொத்தம் 100 புள்ளிகள். உடற்திறனுக்கு 30, அன்றாட நடமாட்டத்துக்கு 30, ஊக்கத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் 30, அறிவுக்கும் விளக்கத்துக்கும் 10.

திறன் பகுதியில் 20 மீற்றர் தூரத்தை முடிந்தவரை திரும்பத் திரும்ப ஓடும் ஓட்டம், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக வைத்திருக்கும் பிளாங்க், தடைப்பாதை மூன்றும் உண்டு. தடைப்பாதையில் குதித்து, பக்கவாட்டில் நகர்ந்து, பந்தைப் பிடித்து எறிந்து, துள்ளியோடி, ஆறு வளையங்களுக்குள் ஒற்றைக்காலில் கெந்தி, கடைசியில் பந்தை உதைக்க வேண்டும். நேரத்துக்கும் புள்ளி, செய்யும் விதத்துக்கும் புள்ளி. ஒரு மகள் நாலாவது வளையத்தில் ஒவ்வொரு முறையும் மற்றக் காலை ஊன்றிவிட்டாள். மதிப்பீடு முடிந்ததும் வாங்கிலிருந்த அவளுடைய அம்மம்மா எழும்பி வந்து, "காலைப் பாராதை பிள்ளை, முன்னுக்குப் பார்த்துக் கெந்து" என்றார். ஆறையும் தாண்டினாள். கிளித்தட்டும் கெந்தலும் விளையாடி வளர்ந்த நாம் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டது என் மனதை உறுத்தியது.

அதைவிடக் கவலை தந்தது ஊக்கத்தையும் தன்னம்பிக்கையையும் அறியப் பிள்ளைகளிடம் கொடுத்த வினாத்தாள். அன்று எல்லோரிலும் அதிக நேரம் ஓடிய மகன், தன்னால் மற்றவர்களைப்போல் விளையாட முடியாது என்று குறித்திருந்தான். நிறுத்தற்கடிகாரம் இதை நமக்குக் காட்டியிராது.

அன்றாட நடமாட்டப் பகுதி சரிவரவில்லை. ஏழு நாளும் இடுப்பில் கட்டவேண்டிய அடி எண்ணும் கருவி பல வீடுகளில் மேசையிலேயே கிடந்தது. சிலருடையது பனிக்கோட்டுப் பையில் இருந்தது. நம்பமுடியாத எண்களைச் சேர்க்க மனம் வராததால் மொத்தப் புள்ளி யாருக்கும் வழங்கவில்லை. பகுதிவாரியான நிலையை மட்டும் வீட்டாரிடம் தனித்தனியே சொன்னோம்.

"எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்ட பெற்றோருக்கு: வரிசைப் பட்டியல் இல்லை, இனியும் வராது. தன் பிள்ளை போன முறையைவிட எங்கே நிற்கிறது என்பதே தேவை.

13 வயதுக்கு மேற்பட்டோரை இவ்வாண்டு எட்டவில்லை. அவர்களுக்கு 18 இயக்கத் திறன்களைப் பார்க்கும் வேறொரு கனடிய முறை உண்டு. அதற்குப் பழகிய இருவர் தேவை. முன்வருவோர் இன்றே பெயர் தாருங்கள்.

அடுத்த மதிப்பீடு ஐப்பசியில், பனி விழுமுன் நடைபெறும். வளையங்களையும் பந்துகளையும் வாங்கித் தந்த உறுப்பினர்களுக்கும், இரண்டு சனிக்கிழமைகள் முழங்காலில் இருந்து புள்ளி குறித்த இளையோருக்கும் நன்றி.

செயலாளர்