வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது எழுதுவது பற்றி, தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

"பண்டிகை முடியட்டும் அக்கா, அதுவரைக்கும் எழுத்துக்கு லீவு" என்று அனுப்பியிருந்தாய். லீவு வேண்டுமென்றால் எடுத்துக்கொள், தப்பே இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியில், "எனக்கென்று ஒரு முறையே அமையவில்லை, நாலு பேர் வந்தால் எல்லாம் கலைந்துபோகிறது" என்று வருத்தப்பட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விடியற்காலையில் எழுந்து எழுதுவது யாரோ சொல்லி நீ பிடித்துக்கொண்ட பழக்கம். ராத்திரி ஒரு மணிக்குப் படுப்பவளுக்கு அது நடக்காது. கலைந்தது அந்த அட்டவணை மட்டும்தான். உன் முறை எது என்று தெரிந்துகொள்ள, அது கலைந்து கிடக்கும் இந்த நாட்களைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலோப் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்காக எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவும் அலுவலகம் போனவர்தான். அவரோ 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையோடு எழுந்தார். இப்படித்தான் எழுத முடியும் என்று நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதினார். நாவலுக்கு நேரம் கிடைக்காமல்தான் சிறுகதைக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2013இல் நோபல் பரிசு வந்தது அந்தச் சிறுகதைகளுக்குத்தான். நம் அசோகமித்திரன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். இவர்களில் ஒருவருடைய முறையை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால் பாதி எழுத்து நமக்குக் கிடைத்திருக்காது. உனக்கும் அப்படித்தான்.

யோசித்துப் பார்த்தால், கதை எழுதுவதில் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். முதல் வரைவுக்குத் தனிமை வேண்டும், திருத்துவதற்கும் வேண்டும். ஆனால் உன் கதையில் அந்தப் பெண் வீட்டை விட்டுப் போவாளா மாட்டாளா என்பதைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முடிவு செய்யலாம். கை வேலையில் இருக்கும்போது மனசு தன்பாட்டுக்கு ஓடும். பேச்சு எப்படி விழுகிறது என்று கேட்டுப் பழகுவதற்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தால்தான் முடியும். நீயோ எல்லா வேலைக்கும் தனிமை வேண்டும் என்று காத்திருக்கிறாய்.

நீ அனுப்பிய குறிப்புகளில் ஒன்று, "வீடு நிறையக் கூட்டம், ஒரே கலகலப்பு." இதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. அதற்குக் கீழேயே இன்னொன்று இருந்தது: "பெரியப்பா சிரிப்பதற்கு முன்னால் பெரியம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்." இரண்டாவதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷக் குடும்பம் ஒன்று அதற்குள் இருக்கிறது. ஒரு நாளைக்கு இப்படி ஒன்று போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: யாராவது உன்னிடம் மனம்விட்டு அழுதால் அங்கே குறிப்பெழுதப் போனை எடுக்காதே, மனசுக்குள்கூடக் குறித்துக்கொள்ளாதே. கூட உட்கார்ந்து கேள். கதைக்கு வர வேண்டியது தானாக வரும்.

ஊரெல்லாம் கிளம்பிப் போனதும் அந்தக் குறிப்புகளை மொத்தமாகப் படித்துப் பார். பேச்சாக அதிகம் இருக்கிறதா, முகமாகவா, அல்லது "ஏன் இவள் இங்கே வருவதில்லை" என்கிற மாதிரிக் கேள்வியாகவா? எது அதிகமோ, உன் கதைகள் அங்கிருந்துதான் கிளம்பும். எனக்குப் பேச்சு. முதல் வசனம் காதில் விழாமல் ஒரு பத்திகூட நகராது. உனக்கு முகம் என்று நினைக்கிறேன், ஆனால் அதை நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த நேரத்தில் எழுதிய குறிப்பு என்றும் கவனி. உன்னுடையவை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிந்தைய மதிய நேரத்தில் வந்திருந்தால், விடியற்காலை அலாரத்தோடு எதற்கு இத்தனை சண்டை?

நடுவில் வரைவு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால் அரை மணி நேரம் கேட்டு வாங்கு. "எழுதப் போகிறேன், அரை மணி நேரம் கூப்பிடாதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல். தலைவலி என்று சொல்லி அறைக்குள் போகாதே. பெண்கள் தலைவலிக்கு வாங்கும் ஓய்வை எழுத்துக்கு வாங்கத் தயங்குகிறோம். ஒரு தரம் சொல்லிவிட்டால் அடுத்த தரம் சுலபம். எழுந்திருக்கும்போது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்திவிடு. இது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே கடைப்பிடித்த வழி. நாலு நாள் கழித்து வந்தாலும் வெற்றுத் தாளைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது.

பெரியப்பா பெரியம்மா கதையை எப்போது தொடங்குகிறாயோ, முதல் இரண்டு பக்கத்தைத் திருத்தாமல் எனக்கு அனுப்பு. கையெழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
அக்கா