நேயர் வட்டத்தின் ஆண்டறிக்கை: பாத்திரப் பதிவேடும் சந்தா நிலுவையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இவ்வறிக்கை அஞ்சலில் அனுப்பப்படும். அஞ்சல் செலவைப் பற்றிக் கணக்குப் பகுதியில் கூறுகிறேன்.

அமெரிக்கப் பகல் நேரத் தொடரான 'கைடிங் லைட்'டின் நேயர்களாகக் கூடிய நம் வட்டம், 2009 செப்டம்பர் 18 அன்று அத்தொடரின் கடைசி அத்தியாயம் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகும் கலையாமல் இயங்கி வருகிறது. இவ்வாண்டும் மாதக் கூட்டங்கள் நூலகக் கூடத்தில் வழக்கம்போல் நடைபெற்றன. தொடர் பிறந்த நாளான ஜனவரி 25 சிற்றுண்டியுடன் கொண்டாடப்பட்டது. கோடையில், தொடரின் கடைசி ஆண்டுகளில் வெளிப்புறக் காட்சிகள் படமாக்கப்பட்ட நியூ ஜெர்சியின் பீப்பேக் ஊருக்குச் சிற்றுலா சென்றோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வண்டியில் ஏறினார்கள். செப்டம்பர் கூட்டத்தில், கதையின் காதல் இணையான ஜாஷும் ரேவாவும் சிறு சரக்கு வண்டியில் ஏறிச் செல்லும் நிறைவுக் காட்சி பற்றிக் கலந்துரையாடல் நடந்தது.

இனி, இவ்வாண்டின் முதன்மைப் பணிக்கு, அதாவது தொடரின் கதைப்பாத்திரங்களையும் அவற்றில் நடித்தவர்களையும் குறித்துவைக்கும் பாத்திரப் பதிவேட்டுக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில் இதற்கான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இது செயலாளரின் சொந்த ஆசை என்று ஆண்டின் நடுவில் சிலர் பேசத் தொடங்கியதால், அன்று கை தூக்கியவர்களின் பெயர்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதிவேடு எதற்கு, பழைய அத்தியாயங்களைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். போட்டுப் பார்க்க அவை இருக்க வேண்டும். இத்தொடர் 1937இல் என்பிசி வானொலியில் 15 நிமிட நாடகமாகத் தொடங்கி, 1947இல் சிபிஎஸ் வானொலிக்கு மாறி, 1952 ஜூன் 30 அன்று தொலைக்காட்சிக்கு வந்து, நான்கு ஆண்டுகள் இரண்டிலும் ஒருசேர ஓடி, 1956இல் வானொலியிலிருந்து விடைபெற்றது. 1968இல் அரை மணி நேரமாகவும் 1977இல் ஒரு மணி நேரமாகவும் நீண்டது. வானொலியையும் சேர்த்தால் 72 ஆண்டுகள். தொலைக்காட்சியில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். தொடக்க ஆண்டுகளில் நடிகர்கள் நேரலையில் நடித்தார்கள். அன்றைய ஒளிபரப்பில் பெரும்பகுதி பாதுகாக்கப்படவே இல்லை. ஆகவே அந்தக் காலத்துக்கு மிஞ்சியிருப்பவை பழைய இதழ்களும், பார்த்தவர்களின் நினைவும்தான். பார்த்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதை நம் இரங்கல் தீர்மானங்களே சொல்லும்.

பதிவேட்டின் ஏடுகளை எழுதித் தர உறுப்பினர்கள் ஆளுக்குச் சிலவாகக் கேட்டுப் பெற்றார்கள். அதில் பாத்திரம், நடித்தவர், வந்த ஆண்டு, விலகிய ஆண்டு, குடும்பம், குறிப்பு என ஆறு பத்திகள் கோடிடப்பட்டுள்ளன. இரண்டு இடங்களில் சரிபார்க்கப்பட்ட செய்தி மையிலும், நினைவிலிருந்து மட்டும் சொல்லப்பட்டது பென்சிலிலும் எழுதப்படுகிறது. பென்சிலில் உள்ளதைத் தாமாகவே மையால் எழுதிவிட்ட உறுப்பினர் யாரென்று எனக்குத் தெரியும். இனி அவ்வாறு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் ஏடு ரத்லெட்ஜ் பாதிரியாருக்கு உரியது. சிகாகோவில் இருந்து எழுதிய இர்னா பிலிப்ஸ் அம்மையார் படைத்த இத்தொடரின் நாயகர் அவரே; துன்பத்தில் இருப்போர் கண்டு வரட்டும் என்று அவர் சன்னலில் ஏற்றி வைத்த விளக்கிலிருந்தே தொடருக்குப் பெயர் வந்தது. வானொலியில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஆர்தர் பீட்டர்சன். வானொலிக் காலத்தில் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டபோது நேயர்கள் கடிதம் எழுதிக் குவித்து அதை மீட்டார்கள் என்பதையும் குறிப்புப் பத்தியில் சேர்த்திருக்கிறேன். ஒரு சந்தாக் கடிதத்துக்குப் பதில் எழுதக் காலம் இல்லை என்று சொல்லும் நம் உறுப்பினர்கள் அந்த வரியைப் படித்துப் பார்க்கலாம்.

1940களின் இறுதியில் கதை, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய பாவர் குடும்பத்தின் கைக்கு மாறியது. மூத்தவரான பாப்பா பாவராகத் தியோ கோட்ஸ் 1949 முதல் 1970களின் தொடக்கம் வரை நடித்தார். மருமகள் பெர்ட்டாக வந்த சரீட்டா பாவர் அம்மையாரின் குடும்பப் பெயரும் பாத்திரத்தின் குடும்பப் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. இதை நம்ப மறுத்து ஒரு கூட்டம் முழுவதும் வாதம் நடந்தது. 1950இல் வானொலியில் இவ்வேடத்தை ஏற்ற அவர், 1984 வரை அதை விடவில்லை. வாய் ஓயாமல் கணவனைக் கரித்துக்கொட்டும் இளம் மனைவியாகத் தொடங்கி, ஊரே வந்து அழுது ஆறுதல் பெறும் பாட்டியாக முடித்தார்.

அந்த ஏட்டில் இரண்டு குறிப்புகள் நீண்டுவிட்டன; சுருக்க எனக்கு மனம் வரவில்லை. 1962இல், அன்றைய எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சன், பெர்ட்டுக்குக் கருப்பை வாய்ப் புற்று கண்டுபிடிக்கப்படுவதாகக் கதை எழுத விரும்பினார். தொடரின் உரிமையாளரான பிராக்டர் அண்ட் கேம்பிள் சோப்பு நிறுவனமும் சிபிஎஸ்ஸும் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டன: புற்றுநோய், கருப்பை, கருப்பை நீக்கம் ஆகிய சொற்கள் எதுவும் காதில் விழக்கூடாது. நோயின் பெயரைச் சொல்லாமலே, பெண்கள் முன்கூட்டிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார் நிக்சன். பிற்காலத்தில் சரீட்டா பாவருக்கு உண்மையிலேயே ஒரு காலை எடுக்க நேர்ந்தபோது, அதைக் கதைக்குள் கொண்டுவந்து, பெர்ட்டும் கால் இழந்து மீண்டும் நடக்கப் பழகுவதாகக் காட்டினார்கள். 1985இல் அம்மையார் மறைந்தார். பகல் தொடர் என்றாலே கள்ளக் காதலும் நினைவிழப்பும்தான் என்று ஏளனம் செய்யும் உறவினர்களிடம் இந்த ஏட்டைத் திறந்து காட்டுங்கள்.

பெர்ட்டின் மகன் டாக்டர் எட் பாவரின் ஏடுதான் என்னை மிகவும் சோதித்தது. 1960களின் நடுவில் ராபர்ட் ஜென்ட்ரி, 1969 முதல் மார்ட் ஹல்ஸ்விட், 1981 முதல் பீட்டர் சைமன், இடையில் ரிச்சர்ட் வான் வ்லீட், மீண்டும் பீட்டர் சைமன் என்று ஒரே மருத்துவருக்கு முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஆலன் ஸ்பால்டிங்கும் அப்படியே: 1977இல் கிறிஸ்டபர் பெர்னவ், பின்னர் சில காலம் டேனியல் பிலோன், 1994 முதல் இறுதி வரை ரான் ரெயின்ஸ். ஆலனின் தமக்கை அலெக்சாண்ட்ராவாகப் பெவர்லி மெக்கின்சி நடித்ததற்கு ஈடாக வேறு எவரையும் நான் ஏற்கமாட்டேன். ஆயினும் மார்ஜ் டூசே அம்மையாரும், 2002இல் சிறிது காலம் வந்துபோன ஜோன் காலின்ஸும் உரிய வரிசையில் நேர்மையாகப் பதியப்பட்டுள்ளனர்.

1966இல் வந்த டாக்டர் ஜிம் ஃபிரேசியர் தம்பதியின் ஏட்டை யாரும் கேட்டுப் பெறவில்லை என்பது எனக்கு வருத்தம். பகல் தொடர்களில் இடம்பெற்ற கறுப்பினப் பாத்திரங்களில் மிக முந்தியவர்கள் இவர்கள். ஜிம்மாக பில்லி டீ வில்லியம்ஸும் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸும், மனைவி மார்த்தாவாக சிசிலி டைசனும் ரூபி டீயும் நடித்தார்கள். இந்த நால்வரையும் விட்டுவிட்டு, 1980களின் தொடக்கத்தில் டிம் வெர்னராக வந்த கெவின் பேக்கனை மட்டும் அட்டையில் போட வேண்டும் என்ற ஆலோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை.

ரோஜர் தோர்ப் பற்றிய குறிப்பைச் சுருக்குமாறு ஒரு கோரிக்கை வந்தது. 1979இல் ரோஜர் தன் மனைவி ஹாலியை வன்புணர்வு செய்வதும், அது நீதிமன்றத்துக்குப் போவதும், கணவன் செய்தாலும் அது குற்றமே என்று பகல் வேளையில் நாட்டுக்குச் சொன்ன காட்சிகள். மைக்கேல் ஸாஸ்லோவும் மோரீன் காரெட்டும் நடித்த அப்பகுதியை ஒரு வரியில் அடைக்க இயலாது. 1997இல் ஸாஸ்லோவின் பேச்சு குழறத் தொடங்கியபோது தொடரிலிருந்து அவர் விலக்கப்பட்டதும், நரம்பைத் தாக்கி உடலைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோய் என்று பின்னர் தெரியவந்ததும், வேறொரு தொடர் அவரை அதே நோயுள்ள பாத்திரமாகவே நடிக்க வைத்ததும், 1998 டிசம்பரில் அவர் காலமானதும் அப்படியே எழுதப்பட்டுள்ளன. நமக்குப் பிடித்த தொடர் என்பதற்காக அதன் குறையை மறைக்கும் பதிவேட்டை நான் எழுதமாட்டேன்.

மாறாக, ரேவா ஷேன் ஏட்டுக்கு அடிதடியே நடந்தது. 1983இல் அவ்வேடத்தில் நுழைந்து, அதற்காகவே பகல் நேர எம்மி விருதை நான்கு முறை வென்ற கிம் ஜிம்மரை யார்தான் விரும்பமாட்டார்கள்? ஆனால் அந்த ஏட்டை ஏற்ற உறுப்பினர்கள் இதுவரை கொடுத்திருப்பவை படங்கள் மட்டுமே. 1990இல் ஃபுளோரிடாவில் பாலத்திலிருந்து காரோடு கடலில் பாய்ந்த ரேவா, 1995இல் பழைய வாழ்க்கை முறையை விடாத ஆமிஷ் கிறித்தவ மக்களிடையே உயிரோடு கண்டுபிடிக்கப்பட்ட செய்தியில் ஆண்டுகளைக்கூட நானே நிரப்ப வேண்டியதாயிற்று. 1998இல் உருவாக்கப்பட்ட ரேவாவின் குளோனுக்கு, அதாவது உயிர் நகலுக்கு, தனி வரிசை தர வேண்டுமா என்பதற்காக நவம்பர் கூட்டம் முழுவதும் செலவானது. நடித்தவர் அதே கிம் ஜிம்மர் என்பதால், ரேவாவின் கீழேயே உள்வரிசையாகச் சேர்ப்பதெனத் தலைவர் தீர்ப்பளித்தார். அன்று உரக்கப் பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதித் தரவில்லை.

ஜாஷின் குடும்பமான லூயிஸ் குடும்பத்தின் ஏட்டை ஏற்ற உறுப்பினர் குடிபெயர்ந்துவிட்டார். காகிதங்களும் அவரோடு போய்விட்டன. ராஸ் மார்லராக 1979 முதல் 2005 வரை நடித்த ஜெரி வெர்டார்ன், லில்லியன் ரெயின்ஸாக 1983 முதல் இறுதி வரை நடித்த டினா ஸ்லோன் போன்ற, முகம் மாறாமல் நிலைத்து நின்ற நடிகர்களின் எளிய ஏடுகளைப் பெற்றவர்கள்கூட, வரும் மாதம் தருவதாகவே ஒவ்வொரு மாதமும் சொல்கிறார்கள்.

வரவு செலவைப் பொறுத்தவரை, பொருளாளர் தயாரித்த கணக்கு தணிக்கையாளரின் பார்வைக்குச் சென்றுள்ளது. ஏறத்தாழ வரவும் செலவும் சமமாக உள்ளன; கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கூடத்து வாடகை, சிற்றுண்டி, சிற்றுலா வண்டி ஆகியவை முதன்மைச் செலவுகள். பதிவேட்டுக்கான தடித்த பேரேடும் அட்டைக் கட்டும் வட்டத்தின் நிதியிலிருந்து வாங்கப்பட்டன என்ற செய்தி தவறு. அவை என் செலவு, ரசீது கேட்போருக்குக் காட்டப்படும். அஞ்சல் செலவு கூடியதற்குக் காரணம், சந்தா நினைவூட்டுக் கடிதங்களே. நினைவூட்டலுக்கான அஞ்சல் தலையின் மதிப்பு, சிலரிடமிருந்து வர வேண்டிய சந்தாவை நெருங்கிவிட்டதைப் பொருளாளர் எனக்குச் சுட்டிக்காட்டினார். தொடர் நின்றுவிட்ட பின் சந்தா எதற்கு என்று கேட்டு எழுதியவர், இவ்வாண்டுச் சிற்றுண்டிக்கு மூன்று முறை வந்திருந்தார்.

கூடத்தை வழங்கிய நூலகத்தாருக்கும், பொறுமையோடு தலைமை தாங்கிய தலைவர் அவர்களுக்கும், கணக்கைக் காத்த பொருளாளருக்கும், காப்பி தயாரித்த அன்பர்களுக்கும், பழைய தொலைக்காட்சி இதழ்களைத் தம் மாடியறையிலிருந்து எடுத்துத் தந்த மூத்த உறுப்பினருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். இதழ்களுக்காக அவருக்குத் தனியாகவும் நன்றி. 1950களின் ஏடுகளில் மையால் எழுதப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதி அவற்றின் கொடையே.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வதானால், 1937 முதல் 1966 வரையிலான பகுதி நல்ல நிலையில் உள்ளது. 1977க்குப் பிறகான பகுதி, அதாவது இங்கே அமர்ந்திருக்கும் பெரும்பாலோர் நாள்தோறும் பார்த்த பகுதி, ஓட்டையாக நிற்கிறது. செயலாளர் பதவிக்கு மீண்டும் என் பெயர் முன்மொழியப்படுமா என்பதைப் பேரவை முடிவு செய்யட்டும். வேறொருவர் பொறுப்பேற்றால் பேரேட்டையும் இதழ்களையும் அன்றே ஒப்படைக்கச் சித்தமாயிருக்கிறேன்; ஒப்படைக்கும்போது, எந்த ஏடு யார் பெயரில் எத்தனை மாதமாக வெறுமையாக இருக்கிறது என்ற பட்டியலும் கூடவே வரும். நானே தொடர வேண்டியிருந்தால், ஸ்பால்டிங், லூயிஸ், ஷேன் ஏடுகளை ஏற்றவர்கள் ஜனவரி 25 விழாவுக்குள் தத்தம் பக்கங்களை, படங்களாக அல்லாமல் எழுத்தாகத் தர வேண்டும் என்பதைத் தீர்மானமாகவே இன்று கொண்டுவர விரும்புகிறேன்.

சந்தா நிலுவையுள்ளோரின் பெயர்ப் பட்டியல் காப்பி மேசையில் குவளைகளின் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. பொருளாளர் கூட்டம் முடியும் வரை அங்கேயே இருப்பார், சில்லறையும் வைத்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்